மூன்று ஞாயிறு உடுத்த ஒரு சூட்

டண்டாக் படைமுகாம்
ஏப்ரல் 14, 1942

டிம்ப்னா அக்காவுக்கு,

யூஜீன் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீயும் இருக்க மாட்டாய்.

ஃபெலிம் திரும்பி வரவில்லை. ஈஸ்டர் விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை பெயர் கூப்பிட்டபோது வரிசையில் அவன் இடம் காலி. எல்லையைத் தாண்டி வடக்கே போய் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்திருப்பான் என்று சமையல்காரன் வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. வாரத்துக்கு ஒருவன் இப்படித்தான் போகிறான். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் இதே முகாமில் அண்ணன் கிடையாது. இவனுக்கு நான் இருக்கிறேன், எனவே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேப்டன் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார். "சீருடைய வீட்ல விட்டுட்டுப் போயிருக்கான்னு நீதான் மூட்டை கட்டிக் கொண்டாந்து குடுக்கறே. அப்ப எந்தத் துணியில போனான்? யார் குடுத்தது?" என்றார். ஓடுகிறவனுக்குத் துணி கொடுப்பது தனிக் குற்றம். என் நீல சூட்டைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னேன். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இல்லையென்றால் என் கையிலிருக்கும் கார்ப்பரல் பட்டை அன்றைக்கே போயிருக்கும்.

பிலோமினா வீட்டில் பெண் கேட்கப் போவதற்கென்று மோனகன் டவுனில் அளவு கொடுத்துத் தைத்த சூட் அது. நான் இரண்டு தடவைதான் போட்டேன்.

துப்பாக்கி கொடுப்பார்கள் என்று பட்டாளத்தில் சேர்ந்தேன், சதுப்பில் இறக்கி, காயவைத்து அடுப்பெரிக்கிற கரிமண்ணை வெட்டச் சொல்கிறார்கள் என்று ஃபெலிம் புலம்பிக்கொண்டே இருந்தான். இந்தப் போரில் நம் நாடு நடுநிலை, கப்பலில் கரி வருவதில்லை, வேறு யார் வெட்டுவார்கள்? எனக்கும் அதே மண்வெட்டிதான். நான் ஓடினேனா?

போலீஸ் வந்தால் நீயும் அம்மாவும் இதையே சொல்லுங்கள். சூட் திருடு போனது. மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

யூஜீன்

*

டிரம்கார்வ், எமிவேல்
ஏப்ரல் 22, 1942

யூஜீன்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போலீஸ் சார்ஜெண்ட் வந்துவிட்டார். வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தார். கோழிக்கூட்டைக்கூட விடவில்லை. "ஆறடி ஆள் கோழிக்கூட்டுல எப்படிங்க இருப்பான்?" என்றேன். "கடமைம்மா" என்றார். "கடமைய முடிச்சிட்டீங்கன்னா எங்க முட்டைய வெச்சிட்டுப் போங்க" என்றேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

ஓடிப்போனது அம்மாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த எல்லையோரத்தில் எந்த வீட்டில் ஓடாதவன் இருக்கிறான்? ஆனால் சார்ஜெண்ட் காகிதத்தைப் பிரித்து, கூடப் பிறந்தவனின் சூட்டைத் திருடினான் என்று வாசித்தார் பார், அப்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் வயித்துல திருடன் பொறக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொறந்திருக்கான்" என்றாள். அன்றிலிருந்து செபமாலை சொல்லும்போது வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்து அவன் பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறாள்.

உனக்கு அறிவிருக்கிறதா? வீட்டுக்குள் வைத்து அவன் காதைத் திருகியிருக்க வேண்டியது. அதைக் கேப்டனிடம் எழுதியா கொடுப்பாய்? கூடப் பிறந்தவன் பெரிதா, சட்டைக் கையில் தைத்த இரண்டு துண்டுப் பட்டை பெரிதா?

அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்னக்ளாயில் பெல்லா அத்தை வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். அங்கே சூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாளே பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டானாம். உன் சூட் பத்திரமாக இருக்கிறது. திருப்தியா?

டிம்ப்னா

*

டண்டாக்
மே 3, 1942

அக்கா,

எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். இப்போது போய் மாற்றினால் என்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள். அம்மாவிடம் நீயே பக்குவமாகப் பேசு. உனக்கு இல்லாத வாயா?

பெல்லா அத்தை வீட்டிலிருந்து சூட்டை எடுத்து வர வேண்டாம். சுங்கக்காரன் பிடித்தால் அதற்கு வேறு வழக்கு. அங்கேயே கிடக்கட்டும். அதைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம்.

யூஜீன்

*

டிரம்கார்வ்
நவம்பர் 4, 1942

யூஜீன்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், என்ன செய்வாய்?

போன ஞாயிறு ஃபெலிமைப் பார்த்தேன். கப்பல் ஏறுவதற்கு முன் இரண்டு நாள் விடுப்பு. இங்கே வந்தால் நம் ஆட்களே பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால் பெல்லா அத்தை வீட்டோடு இருந்தான். அவனைப் பார்க்க வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன். ஏழு மைல், சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து நான் மிதிக்கிறேன் என்றேன். கோட்டுப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "திருடனப் பாக்க நான் எல்லை தாண்ட மாட்டேன்டி. அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அவனே வரட்டும்" என்றாள். எப்படி வருவான்? சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை.

எனவே நான் தனியாகப் போனேன். அவன் இளைத்திருக்கிறான். ஆனால் சிரிப்பு அப்படியே இருக்கிறது. வெள்ளை ரொட்டியும் நிஜமான டீயும் வைத்துக்கொண்டு, "சாப்புடுக்கா, உங்க நடுநிலை நாட்டுல இதெல்லாம் கெடைக்காது" என்று கேலி செய்தான். அம்மா எங்கே என்று மூன்று தடவை சன்னலைப் பார்த்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா அண்ணன் சூட்டத் திருடினே? கேட்டா குடுத்திருக்க மாட்டானா?" என்று கேட்டேவிட்டேன்.

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "திருடினேன்னு யார் சொன்னது?"

"அண்ணன்தான். கேப்டன்கிட்ட எழுதியே குடுத்திருக்கான்."

மேசையில் சிந்திய ரொட்டித் தூளைக் கையால் கூட்டி ஓரம் தள்ளினான். அப்புறம் சிரித்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவன்கிட்ட சொல்லுக்கா, ரோமாபுரி வரைக்கும் போறேன், அங்க இதவிட நல்லதா ஒண்ணு தைச்சுக் கொண்டாந்து தரேன்னு."

அவ்வளவுதான். மறுக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. எனக்கு அவன்மேல் வந்த எரிச்சலில் சரியாக விடைகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துவிட்டேன். பாதி வழியில் நின்று அழுதேன் என்பதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டிம்ப்னா

*

டண்டாக்
மார்ச் 14, 1943

அக்கா,

நாலு மாதமாக உனக்கு எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

அவன் அப்படியேதான் சொன்னானா? "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றா? வேறு எதுவும் சொல்லவில்லையா? அந்த ஈஸ்டர் திங்கள் காலையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையா? யோசித்துப் பார்த்து எழுது. நீ பாதியை மறந்துவிட்டு மீதியை எழுதுகிறவள்.

பிலோமினா விஷயம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய் அவளுக்கு ஒரு குதிரை வியாபாரியோடு கல்யாணம் முடிந்துவிட்டது. பெண் கேட்டுப் போக உடுப்பில்லை, உடுப்பில்லை என்று ஒரு வருடம் தள்ளிவிட்டேன். சீருடையில் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே.

இந்த வருடமும் எங்களைச் சதுப்புக்குத்தான் அனுப்புகிறார்கள். அவன் என்ன செய்கிறானாம்? கடிதம் வந்தால் எனக்கும் தெரியப்படுத்து. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

யூஜீன்

*

டிரம்கார்வ்
ஜனவரி 30, 1944

யூஜீன்,

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதினாய், ஆனால் உன் முகாமில் இருக்கும் மெக்காபின் பையன் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். அம்மா கேட்டாள், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மழுப்புவதற்கு என்னைப் பெற்றிருக்கிறார்கள்.

ஃபெலிமின் கடிதம் பெல்லா அத்தை மூலம் வந்தது. நீ கேட்டதாகச் சொல்லவில்லை. இத்தாலியில் இருக்கிறான். அவனைக் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ள விட்டிருக்கிறார்களாம். அவன் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"நம்ம ராணுவத்துல துப்பாக்கி கேட்டேன், மண்வெட்டி குடுத்தாங்க. இங்க துப்பாக்கி குடுத்தாங்க, ஆனா கையில கழுதைக் கயிறு இருக்குறதால தூக்க முடியல. எட்டுக் கழுதை. ஒண்ணுக்கு அண்ணன் பேர் வெச்சிருக்கேன். அடிச்சாலும் நகராது, கொஞ்சினாலும் நகராது, ஆனா குண்டு விழுந்தா மட்டும் என் பக்கத்துலயே நிக்கும். அம்மா கோபம் தீந்துச்சா?"

தீரவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீயாவது அம்மாவுக்கு ஒரு வரி எழுதேன். சூட் போனால் போகிறது, மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி. நீ மன்னித்துவிட்டாய் என்று தெரிந்தால் அவளும் இறங்கி வருவாள்.

டிம்ப்னா

*

டண்டாக்
பிப்ரவரி 9, 1944

அக்கா,

மன்னிப்பதற்கு நான் யார்? அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. போர் முடிந்து அவன் வரட்டும், நேரில் பேசிக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் காகிதத்தை நீட்டாதே.

யூஜீன்

*

டிரம்கார்வ்
ஜூன் 11, 1944

யூஜீன்,

தந்தியில் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. ஃபெலிம் மே பதினாறாம் தேதி செத்துப்போனான். மலை மேலிருந்த ஆட்களுக்குக் கழுதைகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகும்போது குண்டு விழுந்திருக்கிறது. வலியில்லாமல் போனான் என்று அவனுடைய அதிகாரி எழுதியிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் இதையேதான் எழுதுவார்கள் போலிருக்கிறது. கழுதைகளுக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஏனோ இருக்கிறது.

அம்மா அழவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி எழுந்து போய்க் கடிகாரத்தை நிறுத்தினாள். திரும்பி வந்து, "அவன் துணி எங்கடி?" என்றாள்.

அப்பா செத்தபோது அவருடைய துணியைச் சித்தப்பா மூன்று ஞாயிறு விடாமல் பூசைக்குப் போட்டுக்கொண்டு போனாரே, நினைவிருக்கிறதா? நீ சிரித்து அடி வாங்கினாய். ரத்த உறவில் ஒருவன் அப்படி உடுத்திப் போகாவிட்டால் செத்தவன் அந்தப் பக்கத்தில் அம்மணமாக நிற்பான் என்பது அம்மாவின் நம்பிக்கை. பங்குச் சாமியாரிடம் கேட்டால் மூடநம்பிக்கை என்கிறார். அவருக்கென்ன, சாகும்போதே அங்கி இருக்கும்.

ஃபெலிமின் துணி என்று வீட்டில் ஒன்றுமில்லை. அவன் விட்டுப்போனதையெல்லாம் நான்தான் பாவி, துணிப்பஞ்சத்தில் வெட்டிப் போர்வை தைத்துவிட்டேன். மிச்சம் அந்த நீல சூட் ஒன்றுதான். கடைசியாக அவன் போட்ட சொந்த உடுப்பு அது.

எனவே வியாழக்கிழமை ஆக்னக்ளாய் போனேன். கையில் கொண்டுவந்தால் சுங்கக்காரன் பிடுங்குவான் என்று என் பாவாடைக்கு உள்ளே கால்சட்டையையும், மழைக்கோட்டுக்கு உள்ளே சூட்டின் மேல்கோட்டையும் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். வெயில் வேறு. சுங்கக்காரன் மேலும் கீழும் பார்த்தான். "என்ன மிஸ் ட்ரெய்னர், ஒரே வாரத்துல இப்படி உடம்பு போட்டுட்டீங்க?" "துக்கம்" என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு வழி விட்டான்.

வீட்டுக்கு வந்து சூட்டை விரித்து வைத்தேன். அம்மா தொடவில்லை. "இது அவன் துணி இல்லடி. பட்டாளத்துத் துணி ராஜாவோடது, ராஜா திருப்பிக் கேப்பான். இது யூஜீனோடது, திருடினது. திருட்டுத் துணி அங்க ஒடம்புல நிக்காது. என் புள்ளைக்குன்னு ஒரு முழத் துணிகூட இல்லயே" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை.

நீ வா. அவன் அளவு உனக்குத்தான் பொருந்தும். மூன்று ஞாயிறு வந்து உடுத்து. வந்து அம்மாவிடம் ஒரே வார்த்தை சொல்: "நான்தாம்மா அவனுக்குக் குடுத்தேன்." நீ கொடுத்ததாகச் சொன்னால் அது அவனுடைய துணி ஆகிவிடும். பொய்தான். சொல்லிவிட்டுச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்.

டிம்ப்னா

*

டண்டாக்
ஜூன் 18, 1944

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து நாளாகத் திரிகிறேன்.

என்னால் முடியாது. என் சூட்டையே நான் போட்டுக்கொண்டு செத்தவன் துணி என்று எப்படி நடப்பது? ஊரில் வேறு யாரும் இல்லையா? நம் சொந்தத்தில் பேக்கி மெக்வேட் இல்லையா?

அந்த வார்த்தையை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே. வேறு என்ன வேண்டுமானாலும் கேள். உன் காலில் விழுகிறேன், அதைக் கேட்காதே.

யூஜீன்

*

டிரம்கார்வ்
ஜூன் 25, 1944

யூஜீன்,

பேக்கி மெக்வேட் வந்து போட்டுப் பார்த்தார். இரண்டாவது பொத்தான் தெறித்துப் போய் அடுப்பில் விழுந்தது. அவர் வயிற்றைப் பார்க்காத ஆள் மாதிரி யோசனை சொல்கிறாய்.

எனக்கு உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. கேப்டன் கேட்டபோது தம்பியைத் திருடன் என்று சொல்ல உன் வாய் இரண்டு மணி நேரத்தில் திறந்துகொண்டது. அம்மா கேட்கும்போது இல்லை என்று சொல்ல மட்டும் திறக்காதா? அவன் செத்துவிட்டான்டா. செத்தவனிடம் ஒரு சூட்டுக்காக இன்னும் வைராக்கியமா? அவனுக்கு ரோமாபுரி வரைக்கும் போகக்கூட ஆயுசு இல்லை.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். காலையில் கண் விழித்ததும், "துணி போட்டாச்சா?" என்கிறாள். நீ வராவிட்டால் நானே அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவேன். சாமியார் பலிபீடத்திலிருந்து திட்டட்டும், ஊர் சிரிக்கட்டும். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

டிம்ப்னா

*

டிரம்கார்வ்
ஜூலை 18, 1944

யூஜீன்,

வந்தாய், சரி. ஜூலை இரண்டு, ஒன்பது, பதினாறு, மூன்று ஞாயிறும் நாற்பத்தைந்து மைல் சைக்கிள் மிதித்து வந்தாய். உடுத்தினாய். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாய். ஊரே பார்த்தது. அதற்காக உன்னை மெச்சுவேன் என்று பார்க்கிறாயா?

கடைசி ஞாயிறு சாப்பாட்டில் அம்மா உன் முகத்துக்கு நேராகக் கேட்டாள். எத்தனை நாளுக்குப் பிறகு எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள்! "யூஜீன், உண்மையச் சொல்லு. நீ குடுத்தியா, அவன் எடுத்தானா?" நீ உருளைக்கிழங்கைப் பார்த்தாய். கிழங்குக்கா வாய் இருக்கிறது? தட்டைத் தள்ளிவிட்டுச் சூட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மூன்று ஞாயிறும் வீண் என்கிறாள் அம்மா. அவன் இன்னும் அப்படியேதான் நிற்கிறானாம். நான் இதற்குமேல் உன்னைக் கேட்கப் போவதில்லை. எனக்குத் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டிம்ப்னா

*

டண்டாக்
ஜூலை 21, 1944

அக்கா,

இதை முகாம் தபாலில் போடவில்லை. அங்கே பிரித்துப் படிப்பார்கள். ஊருக்குள் நடந்து போய்ப் போடுகிறேன்.

சூட்டை நான்தான் கொடுத்தேன்.

ஈஸ்டர் திங்கள் காலை நீ பால் கறக்கப் போயிருந்தாய். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் என்னை எழுப்பி, "அண்ணே, இன்னிக்குப் போறேன்" என்றான். ஒரு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். சீருடையோடு போனால் எல்லையிலேயே மாட்டிக்கொள்வான். நான்தான் ஆணியிலிருந்து சூட்டை எடுத்தேன். கீனன் வயலுக்குப் பின்னால் ஓடைவரை கூடப் போனேன். அங்கே புதருக்குப் பின்னால் துணி மாற்றினான். குளிரில் பல் அடித்துக்கொண்டது. பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டான், நான்தான் சரி செய்தேன்.

"நீயும் வா அண்ணே" என்றான்.

எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. மண்வெட்டி எனக்கும் வெறுத்துப்போயிருந்தது. ஆனால் பயமாக இருந்தது. பயம் என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது? "ரெண்டு பேரும் போறதுக்கு சூட் ஒண்ணுதானடா இருக்கு" என்றேன். அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். "சரி, இத நீ வெச்சுக்கோ, உனக்கே உனக்குத்தான். திருப்பித் தர வேணாம்" என்றேன். ஓடைக் கற்களில் கால் வைத்துத் தாண்டினான். அந்தக் கரையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சலாம் போட்டான், அதிகாரிக்குப் போடுகிற மாதிரி. நான் அவன் சீருடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கேப்டன் யார் கொடுத்தது என்று கேட்டபோது திருட்டு என்ற வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்கத் தைரியம் இல்லை. ஒருநாள் கழித்து எடுக்கலாம் என்று நினைத்தேன், ஒரு மாதம் கழித்து எடுக்கலாம் என்று நினைத்தேன். நீ பெல்லா அத்தை வீட்டில் அவனைக் கேட்டதாக எழுதினாய் பார், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒருநாளும் சாப்பாடு ருசிக்கவில்லை. அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அக்கா. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் அவனைக் காட்டிக் கொடுத்தேன், அவன் சிரித்துவிட்டுப் போனான்.

நான் மெனக்கெட்டுக் கோபமாக இருந்ததெல்லாம் இதற்காகத்தான். அம்மாவிடம் சொல். அது அவன் துணிதான். மூன்று ஞாயிறும் செல்லும்.

யூஜீன்

*

டிரம்கார்வ்
ஜூலை 28, 1944

என் தம்பி யூஜீனுக்கு,

உன்னைத் திட்டியதெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கடைசியில் சொல்லிவிட்டாயே, அது போதும். கேட்டபோது முடியாது முடியாது என்றவன், சொல்ல ஆரம்பித்தால் இவ்வளவு நன்றாகச் சொல்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. ஓடை, புதர், மாற்றிப் போட்ட பொத்தான்! நானாக இருந்தால் "நான்தான் கொடுத்தேன்" என்று மொட்டையாகச் சொல்லியிருப்பேன், அம்மா உடனே கண்டுபிடித்திருப்பாள். நீ பயந்தாய் என்று உன்னையே தாழ்த்திக்கொண்டு எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்துப் படித்தேன். பெற்றவளுக்காக இப்படி ஒரு பொய்யைச் சுமக்க எல்லோராலும் முடியாது. ஆண்டவர் இதைப் பாவத்தில் எழுத மாட்டார்.

அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்தாள். சூட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் செபமாலையில் அவன் பெயரை உரக்கச் சொன்னாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு.

ஆனால் ஒன்று நடந்தது. அதை நீயும் நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அப்ப நான் போயிருக்கலாமேடி" என்றாள். "எங்கம்மா?" என்றேன். "பெல்லா வீட்டுக்கு. அவன் திருடலைன்னா நான் போய்ப் பாத்திருக்கலாமே" என்றாள். இது பொய்தானம்மா, அவன் திருடினது திருடினதுதான், நீ போகாதது சரிதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

வழக்கப்படி மூன்று ஞாயிறு முடிந்ததும் துணி உடுத்தியவனுக்குத்தான் சொந்தம். சூட் இனி உன்னுடையது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்.

உன் அக்கா
டிம்ப்னா

*

டண்டாக்
ஆகஸ்ட் 6, 1944

அக்கா,

அது பொய் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எப்படிச் சொன்னால் நீ நம்புவாய் என்று யோசித்தேன். ஒரு வழியும் தெரியவில்லை. இரண்டு வருடம் உண்மை மாதிரி ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைத்தவன், உண்மையைச் சொன்னால் பொய் என்கிறாய். உன்மேல் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை கேப்டனிடம் போனேன். அதே அறை, அதே மேசை. 1942-இல் கொடுத்த வாக்குமூலம் பொய், ஓடியவனுக்குத் துணி கொடுத்தது நான் என்று சொன்னேன். "செத்துப்போனவனுக்காக இப்ப எதுக்குய்யா இது? பேசாம போ" என்றார். நல்ல மனிதர்தான். போகமாட்டேன் என்று நின்றேன். ஓடை, புதர், பொத்தான் எல்லாம் உனக்கு எழுதியபடியே சொன்னேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். கையிலிருந்த பட்டையை அங்கேயே பிரித்து எடுத்தார்கள். இருபத்தெட்டு நாள் காவல். இது காவலறையிலிருந்து எழுதுகிறேன், பிரித்துப் படிப்பார்கள், படிக்கட்டும்.

சூட் எனக்கு வேண்டாம். அம்மா மடியிலேயே இருக்கட்டும். அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னது சரிதான். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் அந்தக் கோட்டுப் பொத்தானைக் கழற்றியிருக்க மாட்டாள். அதை நான்தான் செய்தேன் என்று அவளிடம் சொல். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் உன் வாயால் சொல்ல வைக்கிறேன், இதுதான் கடைசி.

கேப்டன் நம்பிவிட்டார். நீயும் நம்பு. நம்பினால் அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுத மாட்டாய் என்று தெரியும். பரவாயில்லை, நம்பு.

யூஜீன்